எலி வங்குக்கு எஸ்டிமேட் உண்டா?

வாங்க தம்பி, வாங்க. அந்த மூணுகால் கருவிய மொதல்ல நெழல்ல வையுங்க. அது வெயிலு தாங்கும், நீங்க தாங்க மாட்டீங்க. கோமுகி ஆத்தங்கரைய ஒசத்தப் போறீங்களாம், கருங்கல்லு பதிக்கப் போறீங்களாம், ஆறு வளையற எடத்துல எல்லாம் கான்கிரீட்டு செவுரு எழுப்பப் போறீங்களாம். காலைலேந்து ஊரு பூரா இதே பேச்சி. டீக்கடைல ஒருத்தன் ஜல்லி எத்தன யூனிட்டுன்னு கணக்கே முடிச்சிட்டான். இன்னொருத்தன் ஜல்லி அடிக்க டிராக்டருக்கு முன்பணம் குடுத்துட்டான். ஆத்துக்கு மட்டுந்தான் இன்னும் சேதி போவல.

நான் எதிர்க்க வரல, பயப்படாதீங்க. கெழவன் எதிர்த்தா என்ன ஆவும்? 'பொதுமக்கள் கருத்து கேட்கப்பட்டது'ன்னு ஒரு வரி எழுதிட்டு வண்டிய எடுப்பீங்க. எனக்குத் தோணுன யோசனைய சொல்றன். புடிச்சா எழுதிக்குங்க, புடிக்கலன்னா மோர் குடிச்சிட்டுப் போங்க. எம் மருமவ பெருங்காயம் போட்டுத்தான் தருவா.

மொதல்ல ஒண்ணு. கரையக் கட்டுங்க, ஆனா ரொம்ப நல்லாக் கட்டிடாதீங்க. ஏன் முழிக்கிறீங்க? ஒடையாத கரைய யாரு வந்து பாப்பா? நம்ம ஏரிக்கு எங்க தாத்தா காலத்துக் கரை ஒண்ணு இருக்குது. அதுமேல ஆடு மேயுது, பசங்க சீட்டாடுறாங்க. ஒரு கல்வெட்டு உண்டா, ஒரு ரிப்பன் உண்டா? ஒடைஞ்ச கரைக்குத்தான் தம்பி மவுசு. ஒடைஞ்ச அன்னிக்குப் பெரிய ஆபீசருங்க, மறுநாளு கட்சிக்காரங்க, அதுக்கும் மறுநாளு மண்மூட்டை. அப்பறம் 'தற்காலிக சீரமைப்பு'ன்னு ஒரு பில்லு, 'நிரந்தர சீரமைப்பு'ன்னு ஒரு பில்லு. இம்மாம் வரும்படி தர்ற கரைய வுட்டுட்டு, சும்மா நிக்கிற கரையக் கட்டிட்டுப் போனா ஒங்க ஆபீசுல ஒங்கள யாரு மதிப்பா?

சிரிக்கிறீங்க. சிரிங்க. தென்பெண்ணைல நடந்தது ஒங்களுக்குத் தெரியாததா? விழுப்புரத்துப் பக்கம் தளவானூருல 25 கோடிக்கு மேல போட்டு ஒரு தடுப்பணை கட்டி 2020ல தெறந்தாங்க. 2021 தை மாசமே ஓரத்துச் செவுரு போச்சி. இஞ்சினியருங்கள சஸ்பெண்டு பண்ணாங்க. அந்த வருசம் நவம்பருல வந்த வெள்ளம் மிச்சத்தையும் பதம் பாத்துட்டுப் போச்சி. அதே நவம்பருலதான் எல்லீஸ்சத்திரம் அணைக்கட்டும் ஒடைஞ்சிது. அது சொதந்திரம் வந்த சூட்டோட கட்டுனது. எழுபது வருசமாவது தாக்குப் புடிச்சிது.

இதுல பாக்கணும் தம்பி, தண்ணி என்னிக்காவது நேருக்கு நேரா வந்து செவுத்த முட்டித் தள்ளியிருக்குதா? அதுக்கு அம்மாம் கோவம் கெடையாது. செவுரு முடியற எடத்துல ஓரமாப் போயி நோண்டும். இல்லன்னா அடில போயி நோண்டும். அதுக்கு வசதியா நாமளே ஆத்துல மணல அள்ளிக் குடுத்துட்டம். படுகை எறங்குன ஆத்துல அஸ்திவாரம் வெளிய தெரியுது. காலு தெரிஞ்சப்பறம் தள்ளறது என்ன பெரிய வேலையா? திருக்கோவிலூரு ஆத்துக்குள்ள கபிலர் குன்று இருக்குது பாருங்க, பாரி செத்தப்பறம் கபிலர் வடக்கிருந்து உசுர வுட்ட எடம்னு சொல்லுவாங்க. எத்தன வெள்ளத்தப் பாத்துட்டுது! நகரல. ஏன்னா அது பாறை, அடி எங்கன்னு தண்ணிக்கும் தெரியல. டெண்டரும் வுடல.

அப்பறம் அந்தப் பாலம். திருவண்ணாமலைப் பக்கம், அகரம்பள்ளிப்பட்டுக்கும் தொண்டமானூருக்கும் நடுவுல, 16 கோடி கிட்ட. 2024 செப்டம்பர் 2 அன்னிக்குத் தெறந்தாங்க. டிசம்பர் 2 அன்னிக்குப் பாலத்தக் காணும். பச்சப்புள்ள குப்புற விழ மூணு மாசம் ஆவும். பாலமும் அதே கணக்குல விழுந்துடுச்சி. கேட்டதுக்கு, அம்பதாயிரம் கனஅடி சொச்சத்துக்குக் கட்டுனம், வந்தது ரெண்டு லட்சம்னாங்க. நியாயம்தான். ஆனா மேல சாத்தனூர் அணை 1958லேந்து நிக்குது, 119 அடி. அத முழுசாத் தெறந்தா எம்மாம் தண்ணி வரும்னு அணை வெச்சிருக்கறவங்கக்கிட்ட ஒரு பேப்பர் இருக்குமா இருக்காதா? பாலம் போட்டது ஒரு இலாகா, அணை ஒரு இலாகா. ரெண்டு பேரும் ஒரே அரசாங்கத்துல சம்பளம் வாங்கறவங்க. ஒரு நாளு ஒண்ணா ஒக்காந்து டீ குடிச்சிருந்தா பாலம் கொஞ்சம் நீளமா, ஒசரமா ஆயிருக்கும். ஒங்களுக்கு என் யோசனை என்னன்னா, அப்பிடி டீ கீ குடிச்சிடாதீங்க. அடுத்த இலாகாக்காரன் கணக்கு தெரிஞ்சிட்டா நம்ம எஸ்டிமேட்டு ரெட்டிப்பாயிடும், மேல அனுப்ப மாட்டான்.

எம்பொண்ணக் குடுத்தது தென்பெண்ணைக் கரைலதான், திருக்கோவிலூருக்குக் கெழக்க. அந்த டிசம்பர் 1 ராத்திரி, பெஞ்சல் புயலு கரை ஏறி நகர மாட்டன்னு நின்னுக்கிட்டு ஊத்தங்கரைல ஒரே நாளுல 50 சென்டிமீட்டர் ஊத்துனது. அந்தத் தண்ணி எல்லாம் சாத்தனூருக்குத்தான வரணும்? ராத்திரி மூணு மணிக்குக் கொஞ்சம் முன்னாடி 1,68,000 கனஅடி தெறந்தாங்க. வெனாடிக்கு! எம் பேரன் கணக்குப் போட்டுச் சொன்னான், அந்த வேகத்துல தண்ணி வந்தா நம்ம கோமுகி அணை, காலியா இருந்தாலும், ஒரு மணி நேரத்துக்குள்ள ரொம்பிடுமாம். நானு கோமுகிய கடலுன்னு நெனச்சிட்டிருந்தவன்.

முன்கூட்டியே சொல்லலன்னு எதிர்க்கட்சி சொல்லிச்சி. அஞ்சி தடவ எச்சரிக்கை குடுத்தம்னு அரசாங்கம் சொல்லிச்சி. ரெண்டு பேருமே பொய் சொல்லலன்னு வெச்சிக்குங்க. எச்சரிக்கை ஒரு ஆபீசுலேந்து இன்னொரு ஆபீசுக்குப் போயிருக்கும். அங்கேந்து வாட்சப்புல எறங்கியிருக்கும். பொழுதோடவே கரண்டு போன ஊருல செல்லுக்கு ஏது சார்ஜி? தண்ணி வாசப்படிக்கு வந்தப்பறம்தான் எம்பொண்ணு வூட்டுக்காரரு காலு நனைஞ்சி எழுந்தாரு. அந்தக் காலத்துல தமுக்கு அடிச்சிக்கிட்டு ஒருத்தன் தெருத்தெருவா வருவான். அவனுக்கு டவரு வேணாம், நல்ல தொண்டை இருந்தாப் போதும். அவன வூட்டுக்கு அனுப்பிட்டம், ஏன்னா நாடு முன்னேறிடுச்சி.

முகாமுக்குப் போனாங்களான்னு கேக்குறீங்களா? போனாங்க. திருக்கோவிலூரு பெருமாள் கோயிலு கதை தெரியுமில்ல? மழை ராத்திரில பொய்கையாழ்வாரு ஒரு வூட்டு எடகழில ஒதுங்குனாரு, ஒருத்தரு படுக்கற எடம். பூதத்தாழ்வாரு வந்தாரு, ரெண்டு பேரும் ஒக்காந்தாங்க. பேயாழ்வாரு வந்தாரு, மூணு பேரும் நின்னாங்க. நாலாவதா யாரோ நெருக்கறாங்களேன்னு பாத்தா பெருமாளு. நம்ம மாவட்டத்தோட மொத மழை நிவாரண முகாம் அதுதான் தம்பி. எட வசதி இன்னிக்கும் அதே அளவுலதான் இருக்குது, பெருமாளு மட்டும் வர்றதில்ல.

நிவாரணத்த நான் கொற சொல்ல மாட்டன். கார்டுக்கு 2,000 குடுத்தாங்க, குடிசை போனா 10,000, மாடு போனா 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. அந்தக் கோழி வெலையத்தான் என்னால மறக்க முடியல. கள்ளக்குறிச்சி சந்தைல உசுரோட இருக்கற நாட்டுக்கோழி அந்த வெலைக்கு ஒத்துக்க மாட்டேங்குது. ஆத்தோட போன கோழிக்குக் கேக்கவா முடியும்? தில்லிக்கு 2,000 கோடி கேட்டு எழுதுனாங்க. பேரிடர் நிதிப் பங்குன்னு வந்தது 944 கோடியே 80 லட்சம். அந்த 80 லட்சம் வரைக்கும் கணக்குப் பாத்து அனுப்பியிருக்காங்க பாருங்க, அந்தப் பொறுப்ப நான் மெச்சறன்.

சரி, நம்ம ஆத்துக்கு வருவம். நீங்க கச்சிராயபாளையத்துக்குக் கீழ மட்டும் அளக்குறீங்க. வெள்ளம் கச்சிராயபாளையத்துலயா பொறக்குது? அங்க மேக்கால பாருங்க, நீலமா தெரியுதே, கல்வராயன் மலை. பொட்டியம், கல்படை, மாயம்பாடின்னு அங்க எறங்கற ஓடைங்கதான் கோமுகி. பக்கத்துலயே மணியும் முக்தாவும் எறங்கி மணிமுத்தாறு ஆவுது. கடைசில எல்லாம் வெள்ளாத்துல விழுந்து பரங்கிப்பேட்டைல கடலுக்குப் போவுது. மலைல மழை நின்னு, ஈரத்துணிய ஒதறிக் காயப்போடறதுக்குள்ள தண்ணி அணைக்கு வந்துடும். அம்மாம் செங்குத்து.

அந்த மலைச் சரிவுல எங்க காலத்துல சாமை, தினை. இப்ப எங்க பாத்தாலும் மரவள்ளி. மரவள்ளிக் கெழங்க எடுக்கணும்னா மண்ணப் பொரட்டணும். பொரட்டுன மண்ணு அடுத்த மழைக்கு எங்க போவும்? ஜவ்வரிசிக்குன்னு கெழங்கு சேலத்துக்குப் போவுது, மண்ணு நம்ம அணைக்கு வருது. மலைக்காரங்கள நான் குத்தம் சொல்லல. சாமைக்கு வெலை குடுக்காத ஊருல அவங்க மரவள்ளி போடாம என்ன செய்வாங்க? ஆனா 1965 வாக்குல கட்டுன அணைக்கு இன்னும் பழைய கணக்குதான சொல்லிட்டிருக்கம்? 46 அடி ஒசரம், 560 மில்லியன் கனஅடின்னு போர்டுல இருக்குது. அதுல எம்மாம் தண்ணி, எம்மாம் மரவள்ளிக் கொல்லைன்னு போர்டுல இல்ல. மழைக்காலத்துல பயந்துக்கிட்டு 44 அடியோட நிறுத்திட்டு வர்றத வர்றபடியே வுட்டுடறாங்க. கரையக் கீழ ஒசத்தறத வுட்டுட்டு, அந்தச் சரிவுல கல்லு வரப்பு போட்டு, ஓடைக்கு ஓடை சின்னத் தடுப்பு போட்டு, அணைல தூரு வாருனா... வேணாம், வேணாம். அங்க போவ ரோடு செரியில்ல, ஒங்க ஜீப்பு டயரு போயிடும். மந்திரியும் வெள்ளிமலைக்கு மேல வந்து ரிப்பன் வெட்ட மாட்டாரு. கீழயே கட்டுங்க. செவுரு பஸ்சுல போறவனுக்குத் தெரியணும், அதான் முக்கியம்.

இந்தக் கரைய ஒசத்துனா தண்ணி எதிர்க்கரைக்கு ஏறுமேன்னு ஒங்க ஓவர்சியரு மெதுவாக் கேட்டாரு. ஏறும். எதிர்க்கரைல எங்க சம்மந்தி இருக்காரு. அவருக்கும் எனக்கும் கல்யாணத்துலேந்தே ஒரு பேச்சி பாக்கி. அதனால நீங்க தாராளமா ஒசத்துங்க. ரெண்டு அடி கூடவே போட்டாலும் நான் மறுக்க மாட்டன். அவரு பக்கத்துக்கும் ஒரு இஞ்சினியரு வந்து இன்னும் ரெண்டு அடி போடுவாரு, அப்பறம் நீங்க மறுபடி வருவீங்க. ஒங்களுக்கும் வேலை, எங்களுக்கும் பொழுது போவும்.

செவுரு வந்த மறுவருசம் அதுக்குப் பின்னாடி பிளாட்டு போடுவான், எழுதி வெச்சிக்குங்க. இப்ப அங்க கம்பு வெளையுது. வெள்ளம் வந்தா கம்பு போவும், அதோட செரி. செவுத்துக்குப் பின்னாடி கலர்க் கொடி நட்டு, ஏதோ நகருன்னு பேரு வெச்சி, 'வெள்ள பயமில்லை'ன்னு நோட்டீசு அடிப்பான். அப்பறம் ஒரு வருசம் செவுரு ஒடைஞ்சா போறது கம்பு இல்ல.

எம் பேரன் செல்லுல ஒரு படம் காட்டுனான். நெதர்லாந்துன்னு ஒரு நாடு, கால்வாசி நாடு கடல் மட்டத்துக்குக் கீழ. கரை கட்டறதுல நம்மளுக்கெல்லாம் பாட்டன். அவங்களே நைமேகன்னு ஒரு ஊருல கரைய ஒசத்தாம 350 மீட்டரு பின்னாடி தள்ளி வெச்சிட்டாங்களாம். அம்பது வூடு கிட்ட காலி பண்ணி வேற எடம் குடுத்து, ஆத்துக்குப் பக்கத்துலயே இன்னொரு வாய்க்கா வெட்டி, வெள்ளம் வந்தா படுத்துக்க எடம் வுட்டுட்டாங்க. இத இங்க செய்யலாமான்னு கேட்டான். செய்யலாம்டா, ஆனா ஆத்துப் பொறம்போக்க அளக்கணும். அளக்க வர்றவன் டேப்ப குடிசைப் பக்கமா இழுத்தா நல்லா நீளும். தோப்பு, செங்கல் சூளை, மண்டபம்னு அந்தப் பக்கமா இழுத்தா டேப்பு சுருங்கிடும். அது டேப்போட கொணம். ஒங்க டேப்பு எந்த ஊருல வாங்குனது தம்பி?

கோச்சிக்காதீங்க. மோர் குடிங்க.

நான் கேக்க வந்ததே வேற. செவுரு வெக்கப் போறீங்கல்ல, ஊருக்குள்ள பேயற மழைத் தண்ணி ஆத்துக்குப் போவ ஷட்டர் வெப்பீங்களா? வெப்பீங்க, நல்லது. ஆத்துல தண்ணி ஏறுனா அத மூடணும், வடிஞ்சா தெறக்கணும். ராத்திரி ஒரு மணிக்கு அத மூடறது யாரு? சாவி எங்க இருக்கும்? கள்ளக்குறிச்சி ஆபீசு பீரோவுல. பீரோ சாவி யாருகிட்ட? லீவுல போனவருகிட்ட. ஒங்க வரைபடத்துல சிமெண்டு இருக்குது, கம்பி இருக்குது, கருங்கல்லு இருக்குது. ஒரு ஆளு இல்லியே தம்பி?

முன்ன ஆளு இருந்தான். நீர்க்கட்டின்னு பேரு. ஐப்பசி பொறக்கறதுக்கு முன்னாடியே கரைய ஒரு கோடிலேந்து மறு கோடி வரைக்கும் குனிஞ்சி பாத்துக்கிட்டே போவான். எலி வங்கு, நண்டு வங்கு, கரையான் புத்து, ஒண்ணு வுட மாட்டான். வங்க வெட்டிப் பாத்து, களிமண்ண அடச்சி, இடிச்சிக் கெட்டிச்சிட்டுத்தான் நகருவான். இப்ப கரைல புதரு அகத்தறம்னு பொக்லைன வெச்சி நொச்சியும் நாணலும் பனங்கன்னும் வழிச்சிட்டுப் போறாங்க, வாய்க்காலை அடச்சிக்கிட்டு நிக்கற நெய்வேலிக் காட்டாமணக்க மட்டும் வுட்டுட்டு. அவனா இருந்தா மாத்திச் செஞ்சிருப்பான்.

வெள்ளம் ஏறுனா அவனுக்குத் தூக்கம் கெடையாது. கரைக்கு வெளிப்பக்கம் அரிக்கேன் வெளக்க எடுத்துக்கிட்டுப் போவான். தண்ணி கசியற எடத்துல கைய வெச்சி ஏந்திப் பாப்பான். தெளிஞ்சி வந்தா பயமில்ல, கரை வேர்க்குதுன்னு போயிடுவான். கலங்கலா வந்தா அவ்ளோதான், உள்ள கரை கரையுதுன்னு அர்த்தம். அப்ப என்ன செய்யணும்? ஒங்களக் கேட்டா படிச்சத வெச்சிச் சொல்லுவீங்க. ஊரானக் கேட்டா ஓட்டைல மூட்டைய வெச்சி அடைப்பம்பான். அடைச்சா அது பக்கத்துல வேற எடத்துல பிச்சிக்கும். அவன் அடைக்க மாட்டான். கசியற எடத்தச் சுத்தி வட்டமா மூட்டைய அடுக்கி, அதுக்குள்ள தண்ணிய நெஞ்சி மட்டம் ஏற வுடுவான். வெளியயும் தண்ணி பாரம் நின்னா உள்ளேந்து வர்ற வேகம் அடங்கும், மண்ணு வராம தண்ணி மட்டும் வரும். விடியற வரைக்கும் தாங்கும். தலய ஆட்டறீங்க. ஒங்க பொஸ்தகத்துலயும் இதான் இருக்குதா? பரவால்ல, பொஸ்தகம் செரியாத்தான் எழுதியிருக்காங்க.

அவனுக்கு என்ன குடுத்தம்னு கேக்காதீங்க, கேட்டா எனக்கு மோரு எறங்காது. அறுப்புக் களத்துல எல்லாருக்கும் அளந்து முடிச்சப்பறம், தரைல ஒட்டுன நெல்லும் பதருமா கடைசில அளந்தது அவனுக்கு. எந்தத் தெருவுலேந்து வந்தான்னும் நான் சொல்ல வேணாம், நீங்களும் இந்த ஜில்லாக்காரருதான். ஊரே ஒண்ணா நின்னு கரையக் காத்த காலம்னு இப்ப மேடைல பேசறாங்க. ஒண்ணாத்தான் நின்னம், நாங்க கரைமேல, அவன் தண்ணில. வெள்ளக்காரன் 1858லயே சட்டம் போட்டு வெச்சிருந்தான், கரை ஒடையறாப்புல இருந்தா கூப்புட்ட ஆளு வந்தாவணும், வரலன்னா தண்டம்னு. இனாமா வேல வாங்கறது எப்பிடி இருக்கும்னு மேல மலைல போய்க் கேளுங்க. ஜாகிர்தாருங்கக்கிட்ட 1976 வரைக்கும் கூலியில்லாம ஒழைச்ச சனம் இன்னும் அங்க கதை சொல்ல இருக்குது. அதனால குடிமராமத்து, சேவை, ஊர்ப்பற்றுன்னு ஆரம்பிக்காதீங்க. 2017ல அந்தப் பேர வெச்சி மறுபடி ஒரு திட்டம் வந்துச்சி. சில ஊருல ஏரி ரொம்புச்சி, சில ஊருல போர்டு மட்டும் நின்னுச்சி. எனக்கு வேண்டியது கூலி குடுத்து வெக்கற ஆளு.

எழுதுங்க, சொல்றன். இந்த நாலு மைலு கரைக்கு ஆளு ரெண்டு. ஆடிலேந்து தை முடிய மாசச் சம்பளம், பேங்குல ஏறணும், கையில வாணாம். ஒருத்தன் அந்தத் தெருவுலேந்துன்னா இன்னொருத்தன் எங்க தெருவுலேந்து, தண்ணில எறங்கறது மாத்தி மாத்தி. சாக்கு ஐநூறு, அத இப்பவே மண்ணு ரொப்பிக் கரைலயே அடுக்கணும், வெள்ளம் வந்தப்பறம் கொட்டேஷன் கேக்கக் கூடாது. களிமண்ணு ரெண்டு லோடு. நல்ல டார்ச்சி, மண்வெட்டி, மழைக்கோட்டு. கைல புடிக்கற மைக்கு ஒண்ணு, பேட்டரில ஓடறது. ஷட்டரு சாவி அவங்க இடுப்புல. அணைல எம்மாம் தண்ணி தெறக்கறாங்கன்னு அணைக்காரரு மொதல்ல போன் பண்ண வேண்டியது இவங்களுக்கு, அப்பறம் பெரியவங்களுக்கு. பெரியவங்க மாடி வூட்டுலதான இருக்காங்க, அவசரமில்ல.

என்ன பேனாவ மூடுறீங்க? இதுக்குத் தலைப்பு இல்லியா? கட்டறதுக்குத் தலைப்பு இருக்குது, ஒடைஞ்சா ரிப்பேருக்கு இருக்குது, ஒடையாமப் பாத்துக்கறதுக்கு இல்ல. அதான் கேட்டன், எலி வங்குக்கு எஸ்டிமேட்டு உண்டான்னு. செரி, கல்வெட்டுக்குத் தலைப்பு உண்டுல்ல? கருப்பு கிரானைட்டு, தங்க எழுத்து, மேல வளைவு, சுத்தி டைல்சு. அதுல ஒரு அடி கொறைங்க. ரெண்டு பேரு மழைக்கோட்டும் டார்ச்சியும் அதுலயே வந்துடும். வங்கு பாத்தவன் பேரையும் கடைசி வரில சின்னதாப் போடுங்களேன்னு சொல்லலாம்னு பாத்தன். வேணாம். பேரு போடற எடம் இருக்குதுன்னு தெரிஞ்சா அந்த வேலைக்கும் போட்டி வந்துடும், வங்குக்குள்ள கைய வுடத் தெரியாதவன்தான் மொதல்ல வந்து நிப்பான்.

எழுந்திரிங்க, அந்தக் கருவி இங்கயே இருக்கட்டும், யாரும் தொட மாட்டாங்க. ஆலமரத்துக்கும் பம்ப்செட்டுக்கும் நடுவுல மட்டும் ஏழெட்டு வங்கு இருக்குது, காட்டறன். நிமுந்துக்கிட்டுப் பாத்தா தெரியாது, முட்டி போடணும். பேண்டு அழுக்காவும். எம் மவன் வேட்டி ஒண்ணு கொடில காயுது, கட்டிக்கிட்டு வாங்க.